ஞாயிற்றுக்கிழமை அறுவடை

பூதலூர்,
அக்டோபர் 30, வியாழன்.

அன்புள்ள தங்கை அனிட்டாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் உன் மடத்துச் சகோதரிகள் எல்லோரோடும் தங்கியிருப்பதாக. இங்கே நானும் உன் அண்ணி அமலோற்பவமும் சுகம். மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்திருந்தாலும், பேனாவைப் பிடித்தால் எனக்கு வீட்டுப் பெயர்தான் வருகிறது. மதர் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தில் இரண்டு வரி எழுதுகிறவன் இவ்வளவு பக்கம் எழுதுகிறானே என்று பயப்படாதே. கெட்ட செய்தி ஒன்றும் இல்லை.

வெளியே வராத மடமான உங்களுக்குப் போனும் டிவியும் கிடையாது என்பதால் முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி பிறந்ததும் பிடித்துக்கொண்டது. மேட்டு வயல் குறுவையை முன்னாடியே அறுத்துவிட்டோம். வாய்க்காலை ஒட்டிய பள்ள வயல் இரண்டு ஏக்கரும் கதிரோடு தண்ணீரில் சாய்ந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் ஒரு கொத்துக் கதிரைத் தூக்கிப் பார்த்தேன். அங்கங்கே வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. இன்னும் மூன்று நாள் போனால் மாட்டுக்குத்தான் ஆகும்.

அன்றைக்கு மதியம் வெயில் அடித்தது. அறுவடை மிஷின் ஏற்பாடு செய்கிற பக்கிரி போன் செய்தார். சேற்றில் இறங்கும் செயின் வண்டி கைவசம் இருக்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு உங்கள் வயலில் விட்டுவிடலாம், திங்கட்கிழமை புயல் மழை என்கிறார்கள், அப்புறம் வண்டி குத்தாலம் பக்கம் போய்விடும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஏழரைக்குப் பூசை.

இதிலென்ன யோசனை என்று நீ கேட்பாய். அதற்குப் போன வருஷத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது வருஷமாக நான்தான் பங்குப் பேரவைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் யாரும் வயலில் இறங்கக்கூடாது என்று கண்டிப்பாக இருந்தேன். போன அக்டோபரிலும் இதே மாதிரி மழை. ஜெனித்தை உனக்கு நினைவிருக்கும், அமலோற்பவத்தின் ஒன்றுவிட்ட தம்பி மகன். பூசையில் வாசகம் படிப்பான், நல்ல கணீர்க் குரல். அவன் சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து, மாமா, நாளைக்குத்தான் மிஷின் கிடைக்குது, சாமிகிட்ட சொல்லிப் பூசையைச் சாயங்காலம் மாத்த முடியுமா என்று கேட்டான். முடியாது என்று சொன்னேன். அவன் மறுநாள் அறுத்தான். அடுத்த வாரம் பேரவைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவன் பெயரைச் சொல்லி, கடவுளை விட நெல் பெரிதாகப் போனவன் பீடத்தில் ஏறி வாசகம் படிக்கலாமா என்று கேட்டு, பட்டியலில் பெயரை அடித்தேன். அதன் பிறகு அவன் கோவில் பக்கம் வரவே இல்லை. அவன் மனைவி கனிமொழி மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானத்தை அவள் தாய்வீட்டுப் பங்கில் வைத்துக்கொண்டார்கள். அமலோற்பவம் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது புரிகிறதா? போனை வைத்துவிட்டு வரப்பில் நின்றேன். கடவுள் என்ன நினைப்பார் என்று எனக்கு முதலில் தோன்றவில்லை அனிட்டா. பங்கில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான் தோன்றியது. அது தோன்றியதும் உடம்பு கூசிப்போயிற்று. இத்தனை வருஷம் ஓய்வுநாள், ஓய்வுநாள் என்று நான் காப்பாற்றியது யாருடைய மரியாதையை?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அமலோற்பவம் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை. வாய்க்காலில் நம்ம முறைத் தண்ணி ஞாயிற்றுக்கிழமை வந்தப்பெல்லாம் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு மடை திறக்கப் போனீங்களே, அது மட்டும் வேலை இல்லையா என்று கேட்டாள். செயலாளர் வேலையை விட்டுவிட்டு வயலில் இறங்குவது என்று முடிவு பண்ணி, வண்டியை அனுப்பும்படி பக்கிரிக்குப் போன் செய்துவிட்டுச் சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

இப்போது இருக்கிற பங்குச்சாமி நம்மைவிட வயதில் சின்னவர். மூன்று வருஷமாக இங்கே இருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி, ராஜினாமா எழுதித் தருகிறேன் என்று ஆரம்பிப்பதற்குள் அவர் எழுந்து காலண்டரைப் பார்த்தார். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூசை வைத்துக்கொள்வோமே, மற்றவர்களுக்கும் வயல் கிடக்குமே என்றார். உபதேசியாரைக் கூப்பிட்டு மைக்கில் சொல்லச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நான் உட்கார்ந்த நாற்காலி சூடாகக்கூட இல்லை.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் உறைத்தது. போன வருஷமும் இவரேதான் இங்கே இருந்தார். ஜெனித் கேட்டதை நான் இவரிடம் சொல்லவே இல்லை. கேட்காமலே, முடியாது என்று சொன்னவன் நான். சாமிதான் மறுத்துவிட்டார் என்று அவன் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் டிராக்டருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். வாங்க மாமா என்றான். மறுபடி கிரீஸ் வைக்கத் திரும்பிவிட்டான். கனிமொழி நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். மழையைப் பற்றிப் பேசினேன், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன். டீயும் தீர்ந்துவிட்டது. கடைசியில் சொல்லிவிட்டேன். தம்பி, போன வருஷம் நான் சாமியிடம் கேட்கவே இல்லை, நானாகத்தான் முடியாது என்று சொன்னேன், அதற்குப் பிறகு உன்னையே எல்லோர் முன்னாலும் அசிங்கப்படுத்தினேன், நாளைக்கு என் வயலில் மிஷின் இறங்குகிறது, இதை உன்னிடம் சொல்லாமல் அறுக்க எனக்கு மனசு வரவில்லை என்றேன்.

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, உங்க நெல் சாயலைன்னா இன்னிக்கு இங்க வந்திருப்பீங்களா மாமா என்று கேட்டான். வந்திருக்க மாட்டேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் சரி என்றான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மிஷின் இறங்கியது. எட்டு மணிக்கு ஒரு டிராக்டர் சத்தம். ஜெனித், டிராக்டர் பெட்டியில் நாலு தார்ப்பாயோடு வந்து நிற்கிறான். கேட்காமலே ஈர நெல்லை ஏற்றிக் களத்தில் கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பித்துவிட்டான். நாள் முழுக்க வேலையைப் பற்றித் தவிர நாங்கள் எதுவும் பேசவில்லை. தெற்கு மூலையில் அறுவடை வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. அங்கே கால் ஏக்கர் அப்படியே போயிற்று. போகட்டும். மற்றதெல்லாம் கரையேறிவிட்டது.

ஐந்து மணிக்கு வானம் கறுத்து முதல் தூறல் விழுந்தது. குவியலை மூடிவிட்டோம், ஆனால் காற்று தார்ப்பாயைத் தூக்கியது, யாராவது நின்றே ஆக வேண்டும். நான் நிற்கிறேன், நீ போ என்றேன். அவன் கேட்கவில்லை. நீங்க பூசைக்குப் போங்க மாமா, நீங்க போகாம இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது, நான் பார்த்துக்கறேன் என்றான். அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பூசைக்குப் போனேன். பாதிப்பேர் காலில் சேறோடு, உடம்பெல்லாம் நெல் சுணையோடு சொறிந்துகொண்டு நின்றார்கள். கோவிலில் அன்றைக்கு வைக்கோல் வாசம். கூரையில் மழை அடிக்க அடிக்க, என் மனம் களத்திலேயே இருந்தது. நெல் நனையுமே என்ற கவலை கொஞ்சம்தான். அந்தப் பிள்ளை நனைகிறானே என்றுதான். பீடத்தில் நற்கருணை வாங்கும்போது அவன் பெயரைச் சொல்லித்தான் வாங்கினேன்.

முடிந்ததும் குடையோடு ஓடினேன். அவன் தார்ப்பாய் ஓரத்தில் செங்கல்லை அடுக்கிவிட்டு, டிராக்டர் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன். இன்னிக்கு என்ன சுவிசேஷம் மாமா என்று கேட்டான். கோவிலுக்கு வேண்டுதல் செய்யப் போன இரண்டு பேர் கதை என்றேன். அதில் ஒருவர், தன்னைப் பெரிய பக்திமானாக நினைத்த பரிசேயர், முன்னே போய் நின்று, நான் நோன்பு இருக்கிறேன், மற்றவர்களைப் போல இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் கலங்கியது. மழைத்தண்ணீர் என்று நினைத்திருப்பான்.

வாசகப் பட்டியலில் அவன் பெயரை மறுபடி எழுதச் சொல்லிப் பேரவையில் நானே கேட்கப் போகிறேன். அவனிடம் சொன்னேன். பார்க்கலாம் மாமா, அவசரம் இல்லை என்கிறான். இல்லைதான். நேற்று அவன் குழந்தை நம் வீட்டில்தான் இருந்தது. உன் அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டுமே. நெல் காய்ந்துகொண்டிருக்கிறது. சம்பா நாற்றும் பரவாயில்லை. மனசு லேசாக இருக்கிறது அனிட்டா.

இதையெல்லாம் எழுதுவது சுலபமாக இருந்தது. இன்னும் ஒன்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அப்பா அடக்கத்துக்கு மடத்தை விட்டு நீ வர முடியாது என்று மதர் எழுதியிருந்தார்கள். அதற்கு நான் ஆத்திரத்தில் கண்டபடி எழுதிய பதிலை உன்னிடம் காட்டினார்களோ, இல்லையோ. காட்டியிருந்தால் நீ எப்படி அழுதிருப்பாய் என்று ஆறு வருஷமாக நினைக்காமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்ததும் நானும் அமலோற்பவமும் புறப்பட்டு வருகிறோம். பார்வையாளர் அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பத்து நிமிஷம் நீ பேசினால் போதும். பேச விதி இடம் தராத நாளாக இருந்தால், சும்மா வந்து நில். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மதரிடம் அனுமதி கேட்டு எழுது தாயி.

உன் ஜெபத்தில் எங்களை மறவாத உனக்கு ஆண்டவர் எல்லா நலமும் தரட்டும்.

என்றும் உன் அண்ணன்,
குழந்தைராஜ்