சேட்டன் குரலில் பேசும் என் வீட்டுக்காரருக்கு

என்னங்க,

உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. "என்னங்க" என்றால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலரில் உங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி ஊராரிடம் சொல்வதைவிட உங்களிடமே சொல்வது எனக்குச் சுலபம். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் இங்கே உள்ள சேதி. நம் அரபு முதலாளி பாபாவும் அவர் மனைவி மதாமும் நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் ஓட்டிய வண்டியை இப்போது ஓர் ஆந்திராக்காரர் ஓட்டுகிறார். அவர் பிரேக் போட்டால் பின்சீட்டில் இருக்கும் காய்கறி முன்சீட்டுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் காரைக் கழுவிக்கொண்டிருந்து, வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லையே, அந்த இடத்தில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது என்று பாபா சொல்லிவிட்டார்.

போன மாதம் நம் மகள் ஊரிலிருந்து போன் செய்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அப்பா படத்தப் போட்டேம்மா. ஆளு அப்பாதான். பேசுறது வேற யாரோ. எனக்கு அப்பா குரலே மறந்துபோச்சும்மா" என்றாள். பெற்ற அப்பன் குரல் மறக்குமாடி என்று திட்ட வாயெடுத்தேன். பிறகு நானே கண்ணை மூடிப் பார்த்தேன். உங்கள் முகம் வந்தது. வாயைத் திறந்தீர்கள். வர்கீஸ் சேட்டன் பேசினார்.

இது எப்படி நடந்தது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது இல்லையா? அதனால் தெரிந்த கதையையே உங்களுக்குத் திரும்பச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாபா அமெரிக்காவில் படித்தவர். ஆட்டமும் பாட்டமும் சிரிப்புமாக இருக்கும் பழைய அமெரிக்கப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். அப்படி ஒரு படம் முடிந்ததும் அதை எடுத்த விதத்தையும் காட்டினார்கள். நான் டீ கொண்டுபோனேன். நீங்கள் சாவியைக் கொடுக்க வந்தவர் கதவோரமாகவே நின்றுவிட்டீர்கள். மாடிப்படியில் நாற்பது பெண்கள் ஒரே மாதிரி காலெடுத்து வைத்து இறங்க மாதக்கணக்கில் பழகினார்களாம். மழை நிஜ மழை இல்லையாம், குழாய்த் தண்ணீராம். அந்தக் கதாநாயகி பாடவே இல்லை, வேறொரு பெண் பாடினாள், அவள் பேரைக்கூடப் படத்தில் போடவில்லை என்று பாபா வருத்தப்பட்டுச் சொன்னார். நீங்கள் உங்களுக்குத் தெரிந்த அரபியில் ஒரு பதில் சொன்னீர்கள். எங்கள் ஊரில் பாடுகிறவர்களுக்குத்தான் முதலில் மாலை போடுவோம், நடிக்கிறவர் சும்மா வாயசைப்பார் என்று. பாபா அன்று முழுவதும் யோசனையாகவே இருந்தார்.

அன்றைக்கே உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு நாமும் அது மாதிரி ஒன்று எடுத்தால் என்ன? பாபா தன் கேமராவைக் கொடுத்தார். ஃபஹாஹீலில் நம் ஊர்க்காரர்கள் தங்கியிருந்த கேம்ப்தான் உங்கள் ஸ்டுடியோ. நாற்பது பெண்களுக்குப் பதில் கம்பி கட்டுகிற எட்டுப் பேர், மஞ்சள் ஹெல்மெட்டோடு இரும்பு ஏணிப்படியில் இறங்கினார்கள். மூன்றாம் படி ஆடியதில் எட்டும் ஒன்றாக விழுந்தது. அதையும் படத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

கதாநாயகி கொத்தனார் சேகர். என் நீலப் புடவை. அடுத்த மாதம் ஊரில் கல்யாணம், மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். நீங்கள் முந்தானையை இழுத்து மூக்குவரை மூடிவிட்டு, "வெக்கப்படுற பொண்ணுன்னு நினைச்சுக்கட்டும்" என்றீர்கள். குளிரில் தண்ணீருக்குள் நிற்க வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் கதாநாயகனும் நீங்களே. சேகருக்குப் பாட வேண்டியது நான்.

மழைக்கு டேங்கர் ஓட்டுகிற காதர் பாயிடம் கேம்ப் போனிலிருந்து பேசினீர்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கிறது.

"பாய், வெள்ளிக்கிழமை நமக்கு ஒரு டேங்கர் தண்ணி வேணும். பின்பக்க கேட்டு வழியா வந்துடுங்க. கேம்ப் பாஸுக்குத் தெரிய வேணாம்."

கேம்ப் பாஸ் வர்கீஸ் சேட்டன் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். பத்து வருஷம் தமிழ் ஆட்களோடு இருந்தவர். நம் ஆட்கள் சாயங்காலமானால் ஏக்கத்தோடு பேசுகிற தண்ணி எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பாட்டில் அகப்பட்டாலே விசா கேன்சலாகி விமானம் ஏற வேண்டிய நாடு. இவர்கள் ஒரு டேங்கர் வரவழைக்கிறார்கள் என்றால்?

பாவம், இரண்டு நாள் அவர் தூங்கவில்லையாம். வெள்ளிக்கிழமை கம்பெனி ஆபீசிலிருந்து ஓர் எகிப்துக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டை மறித்து நின்றார். பெண்கள் உள்ளே போகக் கூடாது என்பதால் நான் வெளியே பாபாவின் காரில்தான் உட்கார்ந்திருந்தேன். இறக்கிவிட்ட கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது. காதர் பாய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு டேங்கரிலிருந்து இறங்கினார். எகிப்துக்காரர் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்தார், மோந்தார், ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். சேட்டனைப் பார்த்து, "மையா" என்றார். அவர்கள் பாஷையில் வெறும் தண்ணீர்.

சேட்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எடோ, வெள்ளம்னு சொல்லிக்கூடே? எதுக்குத் தண்ணின்னு சொன்னது?" என்றார். அவர் மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

நீங்கள் பாதி மேக்கப்போடு நின்றுகொண்டு சொன்னீர்கள்: "ஒரு டேங்கர் வெள்ளம்னு சொன்னா எங்க ஊர்ல கலெக்டர் படகுல வருவாரு சேட்டா."

அவர் சிரித்த சிரிப்பில் கேட் தானாகத் திறந்தது. அதோடு விட்டாரா? எனக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்றார். கதாநாயகியின் அப்பாவாகக் குடை பிடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். சமையல்கார பழனி கேமரா பிடிக்க, மூன்று மணி நேரம் மழை பெய்தது. அடுத்த வெள்ளி ஃபஹாஹீலில் நிஜ மழையே கொட்டியது, நினைவிருக்கிறதா? நீங்கள் வானத்தைப் பார்த்துத் திட்டினீர்கள்.

போட்டுப் பார்த்தால் படத்தில் டேங்கர் பம்பின் இரைச்சலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பேச்சை மறுபடி பதிய வேண்டும். குளிரில் நனைந்து உங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது, காற்றுதான் வந்தது. விழாவுக்கு நாலே நாள். பாபாவின் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு டேப் ரெக்கார்டரில் நான் பாடினேன். உங்கள் வசனத்தைச் சேட்டன் பேசினார்.

விழாவில் நீங்கள் மழையில் முட்டி போட்டு, சேகரின் கையைப் பிடித்து, உருக்கமாக வாயைத் திறந்தீர்கள். "நீ இல்லாத எனிக்குச் சோறு எறங்ஙுன்னில்ல" என்று வந்தது. மண்டபம் இடிந்துவிடும் போல இருந்தது. நீங்கள் அழவைக்க எழுதிய இடம் அது. வீட்டுக்கு வரும்போது வண்டியில் நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள்தான், "சிரிச்சாங்கல்ல, அப்புறம் என்ன" என்றீர்கள்.

அப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பிரிந்து இருந்த புருஷன் பெண்டாட்டிகள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். அவர்கள் வீட்டிலெல்லாம் குரல் இருக்கிறது. நாம் ஒரே வீட்டில் வேலை பார்த்தோம், சேர்ந்தே இருந்தோம். நமக்கு எதற்குக் கேசட்? மகளோடு போன்கார்டு போட்டுப் பேசினோம், அது காற்றோடு போய்விட்டது. சேர்ந்து இருந்ததற்கு இதுவா கிடைக்கும்?

வேறு வழி தெரியாமல் பாபாவிடம் போய் நின்றேன். அன்றைக்குக் கேமராவில் எடுத்த சின்ன கேசட் இருக்கிறதா, இரைச்சலுக்கு நடுவில் உங்கள் குரல் ஒரு வார்த்தையாவது அகப்படுமா என்று கேட்டேன். வீட்டையே புரட்டிவிட்டார். கேசட் கிடைத்தது. ஆனால் அதன்மேலேயே அவர்கள் மகளின் கல்யாணத்தைப் பதிந்திருந்தார்கள். பெண்கள் மட்டும் கூடிய விருந்து அது, தலையில் துணி இல்லாமல் எல்லோரும் ஆடுகிறார்கள். ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது. அதனால் தேடித் தரச் சேகரைக் கூப்பிட முடியவில்லை, பாபாவே பார்க்க முடியாது. மதாமும் நானும் அறைக்குள் உட்கார்ந்து ஓட்டினோம். பாபா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வந்தாரா? வந்தாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடியவே இல்லை. கேக் வெட்டினார்கள், மறுபடி ஆடினார்கள். கேசட் முடியப் போகிற நேரத்தில் மேளம் சட்டென்று அறுந்து பம்ப் இரைச்சல் வந்தது. சேகரின் நீல முந்தானை. நீங்கள் வாயசைக்கிறீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் தண்ணீர் தீர்ந்து பம்ப் நின்றது. பழனி கேமராவை அணைக்காமலே உங்கள் கழுத்தில் மாட்டிவிட்டான் போலிருக்கிறது. படத்தில் ஈரத் தரை மட்டும் ஆடி ஆடி வருகிறது. பிறகு நான் உட்கார்ந்திருந்த காரின் கதவு.

"செல்வி, என் செருப்பப் பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? என்னத்தான் உள்ளயே விடலயே."

"ஒன்னு இருக்கு. இன்னொன்னு தண்ணியில போயிடுச்சு."

"ஒத்தச் செருப்ப வெச்சு என்ன பண்ண? அதயும் தூக்கிப் போடுங்க."

"போடி. அது வந்தாலும் வரும்."

அவ்வளவுதான். அதோடு கேசட் முடிந்துவிட்டது.

என்னங்க, உங்களுக்கு இவ்வளவு கீச்சுக் குரலா? கனத்த குரல் என்று மனசுக்குள் நானே ஒன்றைச் செய்து வைத்திருந்தேன். இது மூக்கில் பேசுகிற மாதிரி, கொஞ்சம் சிணுங்குகிற மாதிரி. கேட்ட உடனே, ஆமாம், இதுதான், இதேதான் என்று உடம்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மதாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்கிறார் என்று கேட்டார். செருப்பைத் தேடுகிறார் என்றேன். அவர் அதை அரபியில் கதவுப் பக்கம் சொன்னார். வெளியிலிருந்து பாபா, செருப்பு கிடைத்ததா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி மதாமின் மகள் ஒரு சிடியில் போட்டுத் தந்திருக்கிறாள்.

இந்தப் பொங்கலுக்கு உங்கள் படத்தை மறுபடி போடுகிறார்கள். சேட்டன் வந்து, தன் குரல் எனக்குச் சங்கடமாக இருந்தால் எடுத்துவிடச் சொல்கிறேன் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வேண்டாம் என்றேன். சனங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கட்டும், நீங்கள் எடுத்தது அதற்குத்தான். ஆனால் அந்த சிடியை இங்கே ஒருத்தருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன், சேட்டன் கேட்டாலும் சேகர் கேட்டாலும். சித்திரையில் லீவு கிடைத்திருக்கிறது. ஊருக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, நம் மகளை உட்கார வைத்துப் போடுவேன். அவளுக்கு எத்தனை தடவை வேண்டுமோ அத்தனை தடவை போடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை இன்னும் முடியாத
உங்கள் பெண்டாட்டி செல்வி