இரண்டாவது சாவி

தஞ்சாவூர்,
20.11.1997

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பிள்ளைகள் இருவரும் நலம். என் நலத்தைப் பற்றித் தனியாக எழுதுவதாக இல்லை. படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

வண்டி பத்திரமாக இருக்கிறது. நீங்கள் முதலில் தேடும் வரி அதுதான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி மற்றதைப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் போன் செய்தபோது நான் பேசாமல் ரிசீவரை நம் மகளிடம் கொடுத்தது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். நமக்குப் போன் வருகிற மீரா உசேன் கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்லக்கூடிய வார்த்தை அன்று என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வாரத்தில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

இந்த அடுக்குமாடிக்குக் குடி வந்த நாளிலிருந்து உங்கள் யெஸ்டி மோட்டார் சைக்கிளை நான் எப்படிக் காத்து வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டுவது, பெட்ரோலை அடைப்பது, பிளக் வயரைப் பிடுங்கி விடுவது, உறை போட்டு மூடுவது. பக்கத்துக் கட்டடத்தில் ஸ்கூட்டர்கள் திருடு போன பிறகு நானே கீழவாசலுக்குப் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்து முன்சக்கரத்தைத் தூணோடு பிணைத்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூணுக்காகக் குடியிருப்போர் சங்கத்தில் சண்டை போட்டேன். வண்டி ஓட்டாத பொம்பளைக்கு எதற்கு நல்ல இடம் என்று செயலாளர் ரெத்தினம் சார் கேட்டார். "கீழ ஆம்பளை வண்டி நின்னா, வீட்டுல ஆளு இருக்குன்னு எவனும் கிட்ட வரமாட்டான்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை அவரிடம் சொல்ல முடியுமா? ஞாயிறுதோறும் வாட்ச்மேன் வீரையன் அதை உதைத்து ஸ்டார்ட் செய்து கொடுப்பார். புகை அடங்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்போம். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வண்டி இல்லை. அறுபட்ட சங்கிலி தூணடியில் கிடந்தது. பக்கத்தில் உறை அழகாக நாலாய் மடித்து வைத்திருந்தது. எந்தத் திருடன் உறையை மடித்து வைத்துவிட்டுப் போவான்? இது இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. அய்யம்பேட்டையில் மாமிக்குத் தெரிந்தால் பதறிவிடுவார்களே என்று அங்கேகூடச் சொல்லி அனுப்பவில்லை.

ரெத்தினம் சாரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். யார் மேலும் இல்லை என்றேன். ரெத்தினம் சார்தான், "வாட்ச்மேன் கேட்டை விட்டுட்டு எங்கயோ போயிட்டான் சார், அவனை விசாரிங்க" என்றார். எங்கேயோ போகவில்லை. ரெத்தினம் சார் வீட்டு அம்மாதான் வீரையனிடம் மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்து ரேஷன் கடை வரிசையில் நிற்க அனுப்பியிருந்தார். அதை அவர் அங்கே சொல்லவில்லை. எனக்கு அப்போது தெரியாது.

வாட்ச்மேன் பெயரைக் கேட்டதும் ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். வீரையன் பூதலூர்ப் பக்கம் குத்தகைக்கு உழுதவர் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். நிலக்காரர் நிலத்தை மனை போட விற்றபோது, கல் நட வந்தவர்களை வயலில் இறங்கி மறித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மறியல் வழக்கு இன்னும் முடியவில்லை. "ஓ, கேஸ் உள்ள ஆளா" என்றார் ஏட்டு. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. உழுத நிலம் போகக் கூடாது என்று நின்ற மனிதர், உங்கள் வண்டியைத் திருடியவன் ஆகிவிட்டார்.

அன்று ராத்திரியே அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் அவர் மனைவி அம்சம் வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "டீச்சரம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்கங்கறாங்க. அது பொட்டுத் துரும்பு எடுக்காதும்மா" என்றாள். போய்ச் சொன்னேன். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். விசாரிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு எந்தக் கூட்டத்திலும் தெரியும். எல்லா வீட்டு ஜன்னலிலும் தலைகள். உங்கள் தம்பி ஜெக்கரியா, புதுச் சட்டை, ஹேண்டிலில் மாமி கொடுத்தனுப்பிய தம்ரூட் இனிப்புப் பொட்டலம். இறங்கும்போதே சிரிப்பு. "என்ன அண்ணி, கட்டிப்போட்டது வண்டியையா, யானையையா? ரம்பத்தால அறுக்கறதுக்குள்ள கையே போயிருச்சு. பிளக் வயரை வேற புடுங்கி வச்சிருக்கீங்க" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணன்தான் சாவி கொடுத்தனுப்பி எடுத்துக்கடான்னாங்களே. வந்தேன், நீங்க ஸ்கூல்ல இருந்தீங்க" என்றார். அவ்வளவுதான் பதில். ஒரத்தநாட்டில் பெண் பார்க்கப் போனாராம். பஸ்ஸில் போய் இறங்கினால் மதிப்பிருக்காதாம்.

மச்சான், வண்டியின் அந்த இரண்டாவது சாவியை நீங்கள் கொண்டுபோனபோது என்ன சொன்னீர்கள்? கையில் இருந்தால் வீட்டு நினைப்பு இருக்கும் என்றீர்கள். நானும் நம்பி, அது உங்கள் பெட்டியில் இருக்கிறது என்று சில நாள் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அங்கே உங்களோடு வேலை செய்கிற யூசுப் பாய் ஊருக்கு வந்தபோது அவரிடம் பால்பவுடரும் அத்தரும் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் அவர் அய்யம்பேட்டைக்குப் போனார். அப்போது அவர் சட்டைப்பையில் அந்தச் சாவி இருந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியும், யூசுப் பாய்க்குத் தெரியும், உங்கள் அம்மாவுக்குத் தெரியும். வண்டியைக் கட்டிக் காத்தவளுக்குத் தெரியாது. சொன்னால் தடுப்பேன் என்று நினைத்தீர்களா, இல்லை சொல்ல வேண்டும் என்ற நினைப்பே வரவில்லையா? எது மோசம் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "ஜெக்கரியா வண்டியக் கொண்டாந்து விட்டானா?" என்பதுதான்.

வண்டி வந்துவிட்டது என்று போய்ச் சொன்னதும் வீரையனை வியாழக்கிழமையே விட்டுவிட்டார்கள். வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. பார்க்கப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வண்டி கெடச்சிருச்சுல்லம்மா" என்றார். நீங்கள் கேட்ட அதே கேள்வி. அவர் கேட்டபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சங்கம் வேறு ஆளைப் போட்டுவிட்டது. வண்டி கிடைத்துவிட்டதே, இவர் மேல் என்ன தப்பு என்று கேட்டால், "ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வந்தவனை கேட்ல நிறுத்தினா நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறார் ரெத்தினம் சார். மண்ணெண்ணெய் விஷயத்தைச் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன். காது கேட்காதவர் மாதிரி எழுந்து போய்விட்டார். எந்த ஆட்சி வந்தாலும் அவருக்கு இரண்டு கட்சியிலும் ஆள் உண்டு. வீட்டுக்காரரே வந்து சொல்லட்டும், பொம்பளை பேச்சைக் கேட்டு முடிவு எடுக்க முடியாது என்பது அவர் கட்சி.

ஜெக்கரியா கூட்டத்தில் வந்து நடந்ததைச் சொன்னால் போதும் என்று அய்யம்பேட்டைக்கே போய்க் கேட்டேன். "ஒரு வாட்ச்மேனுக்காக நான் போய்க் கைகட்டி நிக்கணுமா அண்ணி?" என்றார். மாமி, நிச்சயம் ஆன வீட்டில் போலீஸ் பேச்சை எடுக்காதே என்று அழுதார்கள். எனக்கும் அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும். அதற்கு விலை வீரையனுடைய பெயரா?

ஜெக்கரியாவிடமிருந்த சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு சாவியும் இப்போது என்னிடம். வண்டிக்குச் சங்கிலி போடவில்லை, உறையும் போடவில்லை. வீரையன் திரும்பி வரும் வரை அது இந்தத் தூணை விட்டு நகராது. கல்யாணத்துக்கும் நகராது.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். சமாதானம் சொல்லி, சேலை கொடுத்தனுப்ப வேண்டாம். சங்கத்துக்கு உங்கள் கையால் எழுதுங்கள். சாவியை அனுப்பியது நான், எடுத்தது என் தம்பி, திருட்டே நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதில் 'வாட்ச்மேன்' என்று எழுதாதீர்கள். ஸ்டேஷனில் அவரைக் கண்ணுசாமி மகன் வீரையன் என்று தகப்பன் பேரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். குற்றத்துக்கு எழுதின அதே முழுப்பேரை நீங்களும் எழுதுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். உங்களை அல்லாஹ் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இந்த வாரமும் கேட்டேன். அம்சமும் அப்படித்தான் கேட்டிருப்பாள்.

இப்படிக்கு,
லத்தீஃபா