மாத்திரைக்குப் பின் அரை மணி

மார்ச் 4, செவ்வாய்
சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் பழைய மாத்திரையோடு புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார். வியாதி எனக்கு, பேச்செல்லாம் இவரோடு. "அம்மாவ இனிப்பக் குறைக்கச் சொல்லுங்க சார்." அம்மா என்றது என்னைத்தான்; பக்கத்து நாற்காலியிலேயே இருந்தேன். மாத்திரை போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று மருந்துக்கடைப் பெண்தான் என் முகம் பார்த்துச் சொன்னாள்.

மார்ச் 7, வெள்ளி
"வந்துட்டே இருக்கேன்" என்று இவர் போன் செய்தார். எட்டு மணிக்கு இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் சாப்பிடாமல் நான் ஒரு வாய் வைத்ததில்லை. காத்திருக்கும் நேரத்தில் பிரார்த்தனை. இன்று உடம்பெல்லாம் வேர்த்தது, விரல் நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. கண்ணில் நீர். இத்தனை வருஷம் கழித்து ஆண்டவன் என் பக்கம் திரும்பினானா?
வந்துட்டே இருந்தவர் ஒன்பதரைக்கு வந்தார். சாப்பிட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. சோற்றில் புத்தி போனால் அருள் நிற்குமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்
இன்றும் அருள்.

மார்ச் 15, சனி
இவர் இன்னும் கொஞ்சம் தாமதித்து வந்தால் தேவலை என்று தோன்றுகிறது. இப்படியும் ஒரு மனைவியா?

மார்ச் 19, புதன்
நேற்று பிரார்த்தனையிலேயே விழுந்துவிட்டேன். மகள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.
"மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா? வேர்க்கும், நடுங்கும், அப்புறம் மயக்கந்தான்." டாக்டர் இதையும் இவரிடம்தான் சொன்னார்.
"சாப்பிடாதேன்னு நானா சொன்னேன்? இவளாப் பிடிச்சுக்கிட்ட பழக்கம்" என்றார் இவர்.
"சாப்பிடுன்னு ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களாப்பா?" என்றாள் மகள். இவர் செல்போனைப் பார்த்துக்கொண்டார்.
அப்போ அது பசியா? வெறும் பசியா? பால் கணக்கு, அரிசிக் கணக்கு எல்லாம் நேரா வருது எனக்கு, இது மட்டும் எப்படித் தப்பிச்சுது? இத்தனை நாளும் கும்பிட்டது என் காலி வயித்தையா — யார்கிட்டப் போய்ச் சொல்றது இத. சிரிப்பாங்க.

மார்ச் 21, வெள்ளி
மாத்திரையின் அளவைப் பாதியாக்கியிருக்கிறார்கள். இனி சீக்கிரம் வருவதாக இவர் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 24, திங்கள்
இரண்டு நாள் சீக்கிரம் வந்தார். இன்று வரவில்லை. மகள் சோற்றை உருட்டி வாயில் திணித்தாள்.

மார்ச் 28, வெள்ளி
மகள் ஊரில் இல்லை. எட்டு மணிக்கு மாத்திரை. "வந்துட்டே இருக்கேன்" என்றார். தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வாய் திருடித் தின்பதுபோல் தொண்டையில் நின்றது. இரண்டாவது இறங்கியது.
வந்தவர் தட்டைப் பார்த்தார். "எனக்கு முன்னாடியேவா?"
"ஆமா. எல்லாம் அடுப்பு மேல இருக்கு. போட்டுக்கோங்க."
பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வேர்க்கவில்லை, விரல் நடுங்கவில்லை. ஆண்டவனும் வரவில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் சொன்னேன். சமையலறையில் இவர் கரண்டியைத் தேடிப் பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை.