உறுதியில் இல்லாத பாதை

மொன்றியால்,
14.04.2024

அன்புள்ள அருமைராசாவுக்கு,

நான் நல்ல சுகம். நீரும் மகள் றொஷினி வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் நான் கத்துவது எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதி முழுக்கக் கேட்கிறது, உமக்கு மட்டும் கேட்கவில்லை. அதனால்தான் கடிதம்.

இங்கே மொன்றியாலுக்கு வெளியே உமது மலைக்காணிக்குள்ளால் போகிற நடைபாதையைப் பற்றித்தான். இருபத்தாறு வருடமாகச் சனம் உமது தயவில் நடக்கிறது. இரு பக்கத்துக் காணிக்காரரும், காடு காடாகவே இருக்கும், பாதை திறந்தே இருக்கும் என்று நடைபாதைச் சங்கத்துக்கு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காணி இன்னும் அவர்களுடையதுதான். ஆனால் நாளைக்கு வாங்குகிறவரையும் அந்த உறுதி கட்டுப்படுத்தும். நடுவில் உமது துண்டு மட்டும் மிச்சம். ஒரு கையெழுத்துப் போதும்.

டவுன்டவுன் சாப்பாட்டுக்கடைக் குசினியில் இருபது வருடம் வெந்தவன் நான். ஞாயிறுகளில் மூச்சு விட்டது அந்தப் பாதையில்தான். யோசியும்.

அன்புடன்,
பேரின்பநாதன்


ரொறன்ரோ,
05.05.2024

அன்பு நண்பன் பேரின்பத்துக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். ஏன் ஐசே வீணாகப் பயப்படுகிறீர்? பத்து வருடம் சனம் நடந்தால் அது பாதை. பிறகு எவன் அடைத்தாலும், வழக்குப் போட்டால் கோடு திறக்கச் சொல்லும். ஊரில், கோப்பாயில், என் ஐயா எங்கள் காணிக்குள்ளால் போன ஒழுங்கையை அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் வழக்கில் தோற்றது அப்படித்தானே? காணியை விற்கச் சொல்லி றொஷினி நிற்கிறாள். விற்றாலும் பாதை பாதைதான்.

என்றும் உமது,
அருமைராசா


மொன்றியால்,
16.05.2024

அருமை,

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய்க் கேட்டேன். நூறு வருடம் நடந்தாலும் கியூபெக்கில் பாதை உரிமை வராதாம். எழுத்தில் இருக்க வேண்டுமாம். கோப்பாய்ச் சட்டம் இங்கே செல்லாது. என்னைக் கும்பிட வைக்காதேயும், கையெழுத்துப் போடாமல் விற்றுவிடாதேயும்.

பேரின்பம்


ரொறன்ரோ,
02.06.2024

அன்பு பேரின்பத்துக்கு,

உமது கடிதம் புதன்கிழமை வந்தது. அதற்கு முதல்நாள் செவ்வாய்க்கிழமையே விற்று முடிந்துவிட்டது.

வாங்கினவரிடம் நானே சொன்னேன், "பாதை ஒண்டு போகுது, அதை மூடேலாது, சட்டம்" என்று. அவர் சிரித்துத் தலையாட்டினார். நல்ல மனிதன் என்று நினைத்தேன். வக்கீலிடம் கேட்டுவிட்டேன், இனி என்னால் செய்ய ஒன்றும் இல்லையாம். வெட்கமாக இருக்கிறது. ஒரு வரி எழுதும்.

அருமைராசா


மொன்றியால்,
25.08.2024

அருமைராசாவுக்கு,

பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டாயிற்று. புதுக்காரர் மரியாதையான ஆள். வழி காட்ட மரங்களில் இருந்த நீல அடையாளங்களை அழித்துத் தரச் சொன்னார். அவற்றைத் தீட்டியவன் நான்தானே, நானே அழித்தேன்.

உம்மில் கோபம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

ஞாயிறுகளில் சங்கிலிக்கு முன்னால் நிற்கிறேன், தெரியாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப. இன்றைக்கு ஒரு பிரெஞ்சுக்காரப் பெண், "முசியே, இது உங்கள் காணியா?" என்று கேட்டாள். பழக்கத்தில், "என் சிநேகிதனுடையது" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியென்றால் அவரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

பேரின்பநாதன்