அம்மாவின் மூக்கு

மார்ச் 4, செவ்வாய்

பார்லரில் இன்று நல்ல கூட்டம். முடி வெட்டிக்கொள்ள உட்காருகிற ஒவ்வொருத்தி தலைக்கும் மேலே, கண்ணாடியில் என் முகம். என் முகம் என்ன, அம்மாவின் முகம்தான். அதே நெற்றி, கோபம் வந்தால் விடைக்கிற அதே மூக்கு. பார்க்கிறவர்கள் எல்லாரும் "அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா" என்பார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டால் தலைகால் புரியாது. இப்போது யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

அம்மா மார்பகப் புற்றுநோயில் போனாள். இப்போது அக்காவுக்கும் அதே. மரபணுவிலேயே ஒரு கோளாறு என்று அவளுடைய பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அக்கா அப்பா ஜாடை. அவளுக்கே வந்துவிட்டது என்றால் எனக்கு?

"நீயும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடுடி" என்று போனில் சொன்னாள். பார்க்கிறேன் என்றேன். எதைப் பார்க்க? எனக்குத்தான் தெரியுமே.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய். முடி கொட்டிய அவள் தலையைப் பார்த்தால் அது என் தலையாகத் தெரிகிறது. ஊரில் உள்ள தலையையெல்லாம் தொடுகிற கை இது. கூடப்பிறந்தவள் தலை என்றால் மட்டும் பின்வாங்குகிறது. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 15, சனி

வீட்டுக்காரருக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அத்தனை பெரிய லாரியை ஓட்டுகிற மனுஷனுக்கு அடுப்பைச் சிம்மில் வைக்கத் தெரியவில்லை. வாஷிங் மெஷின், பெண்ணின் டீச்சர் நம்பர், எந்த அலமாரியில் எது – ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறேன். காரணம் சொல்லவில்லை. நான் இல்லாமல் போனால் இரண்டு பேரும் தடுமாறக் கூடாது.

பெண்ணுக்குப் பதினான்கு வயது. என் வழியாக அவளுக்கும் போயிருக்குமோ – வேண்டாம், இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்

நல்ல கூத்து!

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல... எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக்குடுத்துட்டு, நீ என்னை விட்டுட்டுக் கெளம்பிடப் போறியோன்னு."

பாவம், இத்தனை நாளாக அதையே நினைத்து மருகியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஈரக் கையைத் துடைத்தார். பிறகு, "மூக்கைப் பாத்து வியாதி கண்டுபிடிக்க எப்ப படிச்ச? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம். லாரி ஒரு நாள் நிக்கட்டும்" என்றார்.

மார்ச் 21, வெள்ளி

டாக்டர் சின்னப் பெண். ஜாடைக் கதையைச் சொன்னேன். நல்லவேளை, சிரிக்கவில்லை.

"ஜாடை வேற, இது வேறம்மா. உங்களுக்கு இருக்கறதுக்கும் இல்லாம இருக்கறதுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கு இல்லன்னா, உங்க வழியா உங்க பொண்ணுக்கும் இது போகாது."

பாதிக்குப் பாதியா! நானோ நூற்றுக்கு நூறு என்று முடிவு கட்டி, அலமாரிச் சாவியைக்கூட வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் முடிவு வரவில்லை. ஒருத்திக்கு ஒரு பக்கம் கூடுதலாக வெட்டிவிட்டேன். "புது ஸ்டைலா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இல்லை. எனக்கு இல்லை!

மற்ற பெண்களுக்கு உள்ள ஆபத்துதான் எனக்கும். வழக்கமான பரிசோதனைகள் போதுமாம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே குழந்தை மாதிரி அழுதார். வீட்டுக்கு வந்ததும் பெண்ணைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "மூச்சு முட்டுதும்மா" என்று அவளே பிய்த்துக்கொண்டு ஓடினாள்.

அப்புறம்தான் உறைத்தது. அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தோம். எனக்கு இல்லை என்று அவள் முன்னால் போய்ச் சந்தோஷப்படவா?

ஏப்ரல் 12, சனி

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரிலேயே போனேன். கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குமாடி?"

"இல்லக்கா. எனக்கு இல்ல."

"இல்லையா? அப்புறம் எதுக்குடி எழவு வீட்டுக்குப் போறவ மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்த! எனக்கு உயிரே போயிடுச்சு!"

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்கு வந்தப்பகூட இவ்வளவு பயப்படலடி. என்னோட போகட்டும், இவளுக்கு வேணாம்னு நான் வேண்டாத நாளில்ல."

நான் எனக்காகவே பயந்துகொண்டிருந்தேன். அவளும் எனக்காகத்தான் பயந்திருக்கிறாள். அவள் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அக்காவுக்கு மருந்து ஏற்றுகிற நாள். இனிமேல் துணைக்கு நான்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஊசி குத்தும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னது நினைவிருக்கிறது. எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது ஆஸ்பத்திரிப் போர்வை என் மேல் இருந்தது. அக்கா மருந்துக் குழாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸ் வந்து நீதான் பேஷண்ட்டுன்னு நெனச்சு உன்னை எழுப்பப் பாத்துச்சுடி. கொறட்டை விடறவ துணைக்கு வந்தவ, பேஷண்ட் நான்தாம்மான்னு சொன்னேன். அடுத்த தடவ வரும்போது தலகாணி எடுத்துட்டு வா."