செல்வி திருத்திய பச்சை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. கடை முன் தொங்கும் ஃப்ளெக்ஸ் மாதிரிகள் ஓயாமல் படபடப்பு.

ரிக் லாரி ஸ்டிக்கர் முடிந்தது. மூன்று போர்வெல் வண்டி வைத்திருக்கும் சிவகாமி அம்மாவின் வேலை. பழைய ஃபைல் ஹார்டு டிஸ்க்கோடு போய்விட்டது. பழைய ஸ்டிக்கர் துண்டை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, பச்சையைக் கண்ணளவில் எடுத்தேன். சயான் நீலம் கூட்டி, மஞ்சள் குறைத்து, மறுபடி கூட்டி. பிறகு எழுத்து, இலை, பார்டர், எல்லாப் பச்சையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் மாற்றம்.

பிரின்டிங் மிஷின் பார்க்கும் செல்வி லீவு. மகளுக்குக் காய்ச்சலாம். நானே ஏற்றினேன்.

தோசை. சுகர் மாத்திரை. அடுப்பு பர்னர் மாற்ற வேண்டும்.

ஜூன் 11, புதன்

சிவகாமி அம்மா நேரில் வந்துவிட்டார். புது வண்டிக் கதவில் ஒட்டியாயிற்றாம். பழைய வண்டியும் பக்கத்தில் நிற்கிற மாதிரி போட்டோ.

"ஏனுங்க, இது எங்க பச்சை இல்லீங்களே. மயில் கழுத்தாட்டம் இருக்குது. தூரத்துல வாரப்பவே எங்க வண்டின்னு தெரியோணுமுங்க."

கணவர் போன பிறகு பங்காளிகளும் அதே பெயரில் வண்டி விடுகிறார்கள். நிறம் ஒன்றுதான் வித்தியாசம். சத்தம் போடவே இல்லை அவர். போட்டிருந்தால் தேவலை.

போட்டோவைப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒரே பச்சை. சொல்ல வாயெடுத்தேன். முதலாளி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். திரும்ப அடித்துத் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். என்னிடம், டாக்டர்கிட்டக் கண்ணைக் காட்டுங்க என்று மட்டும்.

சாயங்காலம் கடை காலியான பிறகு செல்வி வந்து நின்றார்.

"கோவிச்சுக்கப்படாதுங்ணா. ஒரு வருசமா உங்க ஃபைல்ல நீலம் ஏறித்தான் வருதுங்க. நாந்தான் பிரின்டுக்கு முன்னால கொறைச்சு உட்டுட்டு இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கலர் பாக்கறப்ப ஒருத்தரும் பக்கத்துல வரப்படாதுங்களே."

வாஸ்தவம். நான்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். எத்தனை கல்யாண ஃப்ளெக்ஸ், எத்தனை பெண்ணின் புடவை. எல்லாவற்றின் மேலும் இன்னொரு கை ஓடியிருக்கிறது. முதலில் அவமானம். வீடு வரும்போது அது மட்டும் இல்லை. வேறென்ன என்று எழுதத் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

சேலம். கண் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். இரண்டு கண்ணிலும் புரையாம். சுகர் இருப்பதால் சீக்கிரமே வந்துவிட்டதாம். கண்ணுக்குள் லென்ஸ் மஞ்சளாகிவிட்டது, நீலம் உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்றார் டாக்டரம்மா. முதலில் வலது கண், புதன்கிழமை.

கூட யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டார். சம்சாரமா என்றார். கல்யாணம் ஆகலீங்க என்றேன். சீட்டில் என் வயதை ஒரு தடவை திரும்பப் பார்த்தார். தம்பி பெயரைக் கொடுத்தேன்.

வெளியே வந்து தம்பிக்கு போன். அவன் இருக்கும் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். பார்க்கிறேன் என்றான்.

ஜூன் 18, புதன்

தம்பி வந்தான். கையெழுத்துப் போட்டான். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் போன். ஆபரேஷன் வலிக்கவில்லை. தன் வீட்டில் மச்சினன் குடும்பம் வந்திருப்பதாகச் சொல்லி, திருச்செங்கோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். "பாத்துப் போண்ணா." ஒற்றைக் கண்ணோடு படியேறுவது சிரமம். சாதம் வைக்கவில்லை. பன், பால்.

ஜூன் 19, வியாழன்

தனியாகவே போனேன். கட்டுப் பிரித்தார்கள்.

நர்ஸ் உடுப்பு வெள்ளை. இவ்வளவு வெள்ளையா. மாறி மாறிக் கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் டீத்தண்ணீர் நிறம், வலது கண்ணில் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

பஸ்ஸில் ஜன்னல் சீட். வானம், தண்ணீர் டிரம், ஸ்கூல் பிள்ளைகளின் பாவாடை. நீலம் நீலமாக. மறுபடி ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், கண்ணு உறுத்துதுங்களா என்றார். இல்லீங்க என்றேன். மேலே சொல்ல ஆசை. அவர் தூங்கிவிட்டார்.

சொட்டு மருந்து நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில்.

ஜூன் 23, திங்கள்

கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு. அதைக் கழற்றிவிட்டு ஸ்டிக்கர் ஃபைலைத் திறந்தேன். வலது கண்ணில் மயில் கழுத்தேதான். சிவகாமி அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறார். சயானை இறக்கி, மஞ்சளை ஏற்றி, பழைய துண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தேன். பிரின்ட் வந்தது. மதியம் சிவகாமி அம்மா ஒரு துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதேதானுங்க." வாங்கிக்கொண்டு போனார்.

செல்விக்கும் சந்தோஷம். இனிமேல் உங்க ஃபைலில் கை வைக்க மாட்டேன் என்றார்.

அடுத்து ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ். முடித்து அவர் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு, எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க செல்வி."

"எதுக்குங்ணா, அதான் கண்ணு நல்லாயிருச்சுங்களே." அப்படியே பிரின்ட் கொடுத்துவிட்டார். இதன் மேல் இன்னொரு கை ஓடவில்லை.