நாயை ஒருதரம் கண்ணில் காட்டுங்கள்

கோட்டைக்குப்பம், பழவேற்காடு
பிங்கள வருஷம், மாசி மாதம்

கொழும்புத் துறையில் கும்பினிப் படகு தள்ளுகிற என் மகன் தசரதனுக்கு, உன் நைனா நாகப்பன் சொல்லி எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க எல்லையம்மன் துணை. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற திருவேங்கடம், நலம் என்று போடட்டுமா என்று கேட்டார். உயிரோடு என்று போடுங்கள், இப்போதைக்கு அதுவே பெரிய சங்கதி என்றேன். பதறாதே, படித்துச் சொல்லுகிறவரைக் கடைசிவரை படிக்கச் சொல்லிக் கேள்.

முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கடல் தண்ணீர் சரியாக உள்ளே வரவில்லை, இறால் குறைச்சல்தான். ஐப்பசிப் புயலில் பறந்த கூரையைப் பாதிதான் வேய்ந்திருக்கிறேன். உன் தங்கை முனியம்மாள் முழுகாமல் இருக்கிறாள், சோறு தங்கமாட்டேன் என்கிறதாம். இதெல்லாம் கிடக்கட்டும். உன் அம்மாவை நாய் கடித்துவிட்டது.

தை பிறந்த சமயம் நடந்தது. கோட்டையில் கிடங்கு பார்க்கிற சின்னத் துரை ஒருவன் இருக்கிறான், கப்பலில் கொண்டுவந்த தொங்கு காது நாயோடு ஏரிக்குத் தாரா வாத்து சுட வருவான். அம்மா எப்போதும்போல் இறால் போடுகிற பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். சுட்ட தாரா ஒன்று அவள் பக்கத்தில் வந்து விழுந்தது. துரையிடம் கொடுத்துவிடலாம் என்று அதை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். நீந்தி வந்த நாய் தாராவை விட்டுவிட்டு அவள் வலக்கையைக் கவ்விவிட்டது. துரை சீட்டி அடித்து நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனான், ஏன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றப் பொம்பளைகள்தான் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

திருப்பாலைவனத்து வைத்தியர் கடிவாயைக் காய்ச்சிய இரும்பால் சுட்டுக் கட்டுப் போட்டார். உப்பு, புளி, மீன் ஒன்றும் ஆகாது என்றார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாய் எப்படிக் கீதுன்னு பாத்துக்கினு இரு நாகப்பா, அது நல்லாத் தின்னுக்கினு தண்ணி குடிச்சிக்கினு இருந்துச்சின்னா உன் பொஞ்சாதிக்கு ஒண்ணும் ஆவாது, அதுக்கு வெறின்னா என் கையில ஒண்ணும் இல்ல என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது என் நடை.

முதலில் நம் பெரியதனக்காரர் செங்கல்வராயனிடம் போனேன். நம்ம குப்பத்து நாயா இருந்தா உடையவனக் கோயில் முன்னால உக்கார வெச்சி வைத்தியச் செலவ வாங்கிக் குடுத்துடுவேன், கோட்டை நாய நான் இன்னா கேக்கறது என்றார். நவாபு ஆட்களிடம் போனால் கோட்டைக்காரன் சமாசாரம் கோட்டையில் சொல்லு என்று விரட்டினார்கள். கோட்டையில் போனால் துபாஷி தெய்வசிகாமணி ஒருநாள் இல்லை, ஒருநாள் தூக்கம், ஒருநாள் கப்பல் வந்திருக்கிறது. கடைசியில் ஒருநாள் நின்று பேசினார். கோட்டையை ஆளுகிற ஒல்லாந்தர் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதாம். நாய் கடித்தால் உடையவன் சேதத்துக்கு ஈடு கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அந்த நாயையே கடிபட்டவர் கையில் ஒப்படைக்கவேண்டும். ஆனால் கடிபட்டவர் நாயைச் சீண்டியிருக்கக் கூடாதாம். உம்ம பெண்சாதி துரை சுட்ட தாராவைத் திருடினாள், அதனால்தான் கடித்தது என்று துரை சொல்கிறார், நீர் பிராது கொடுத்தால் எழுதி நாகப்பட்டணத்துக்கு அனுப்புகிறோம், தீர்ப்பு அங்கிருந்து வரட்டும் என்றார். எங்க ஏரியில வுழுந்தத எடுத்துக் குடுக்கறது திருட்டா சாமி என்று கேட்டேன். அதை அங்கே சொல்லும் என்றார். சரி, நாயையாவது காட்டுங்கள் என்றேன். காட்டினால் எங்கள் நாய்தான் கடித்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், பிராது இருக்கிற வரைக்கும் துரை காட்டமாட்டார் என்றார். இருந்தும் பிராதை எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அதை விடுவதாக இல்லை.

இதற்குள் வீட்டில் வேறு கதை. கட்டுப் பிரித்த கையோடு அம்மா ஏரியில் இறங்கிப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் புண்ணில் பட்டதும் வீலென்று கத்திக் கையை இழுத்துக்கொண்டாள். கரையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். தண்ணியக் கண்டு பயப்படறா, நாய் வெறி ஏறிடுச்சி என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அது எரிச்சலா, அந்தப் பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண் கிட்டே வரக் கூடாது என்று முனியம்மாளைத் துரத்திவிட்டாள். விடிந்ததும் பானையைத் திறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு மடக்குக் குடிப்பாள், தொண்டையைத் தடவிப் பார்ப்பாள். நான் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவேன்.

பிராதை விட்டுவிடுவதாகக் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதில் கீறல் வைத்தால் துரை நாயைக் காட்டுகிறாராம் என்று துபாஷி ஆள் அனுப்பினார். செங்கல்வராயன் வீடு தேடி வந்து, வெக்காத நாகப்பா, இதுல நீ கீறல் வெச்சா நாளைக்கு ஏரியில நம்ம பொம்பளைங்க யாரக் கடிச்சாலும் இதையே நீட்டுவானுங்க என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். உன் அம்மா உள்ளே இருந்து வந்தாள். ஞாயம் வர்றப்ப வரட்டும் அண்ணா, நான் இருக்கறனா சாவறனான்னு தெரியாம எத்தினி நாளு படுத்துக்கினு கெடக்கறது, எனக்கு நாய ஒருதரம் கண்ணுல காட்டச் சொல்லு என்றாள்.

கீறல் வைத்தேன். கோட்டை வாசலில் எங்களை நிற்க வைத்தார்கள். வேலைக்காரன் ஒருத்தன் நாயைச் சங்கிலியில் பிடித்து வந்தான். உடம்பு பளபளவென்று இருந்தது, எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. அம்மா, தண்ணி வையிங்க என்றாள். சட்டியில் வைத்தார்கள். நக்கி நக்கி அவ்வளவையும் குடித்தது. இன்னொரு தரம் வையிங்க என்றாள். அதையும் குடித்தது. அவள் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நல்லா இரு சாமி, நல்லா இரு, நோய் நொடி இல்லாம இரு என்று அந்த நாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அழுதாள். துபாஷி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்தத் துரைமேல் ஆத்திரம் அடங்கவில்லை, இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் அந்த நாய் நூறு வயசு இருக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

இப்போது அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். முனியம்மாளும் வந்து போகிறாள். புண் ஆறிவிட்டது. ஆனால் கட்டை விரலும் பக்கத்து இரண்டும் மடங்கவில்லை, இனி மடங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த விரல்களுக்கு அவர்கள் சட்டத்தில் என்ன ஈடு உண்டோ, கேட்க நமக்கு வாய் இல்லை, நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். குப்பத்தில் சிலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் பெண்சாதிகளும் அந்த ஏரியில்தான் இறங்குகிறார்கள். செங்கல்வராயன் மட்டும் ஊரைக் கூட்டி, இனி குப்பத்து நாய் யாரைக் கடித்தாலும் உடையவன் வைத்தியச் செலவும் கொடுத்து, வைத்தியர் போதும் என்கிற வரைக்கும் நாயைத் தினம் கொண்டுவந்து காட்டவேண்டும், அதற்காக எந்தப் பிராதையும் விடச் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். கோட்டைக்கு அது செல்லாது. நமக்குள்ளாவது இருக்கட்டும் என்றார்.

அப்பா தசரதா, கொழும்பிலும் இதே கும்பினி, இதே சட்டம். நாய்கள் இருக்கிற பக்கம் பார்த்து நட. துரைமார் சுட்டதைக் கொடுப்பதற்காகக்கூடக் கையால் தொடாதே. எங்கே கீறல் வைக்கச் சொன்னாலும் நம் ஆட்களில் பெரியவர் ஒருவரைக் கேட்டுவிட்டு வை. எனக்குச் சொல்ல ஆள் இருந்தது, கேட்க முடியவில்லை, அது வேறு. அம்மாவைப் பற்றிக் கவலைப்பட்டு வேலையை விட்டு ஓடிவராதே, தவணை முடித்துக்கொண்டு வா. அடுத்து வருகிற சுலுப்புக் கப்பலில் இரண்டு வரி சொல்லி அனுப்ப மறக்காதே, அவள் கடலில் தெரிகிற ஒவ்வொரு கப்பல் பாயையும் எண்ணிக்கொண்டு கரையில் நிற்கிறாள். நீ நன்றாக இரு. உன் கையும் காலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு உன் நைனா நாகப்பன் கீறல். பக்கத்தில் இருப்பது உன் அம்மா திரௌபதி கீறல், இடக்கையால் கீறினாள். வேறு யாரோ கீறியது என்று நினைத்துவிடாதே, அவள்தான்.